மாப்பிள்ளைக்குக் கோபம்

சட்டக்கா என்று அவளுக்குப் பேர் வைத்தவர் யாரோ, வாயில் சர்க்கரை போட வேண்டும். அத்தனை பொருத்தம். கூட்டத்துக்கு நடுவில் யாராவது போனை எடுத்தால் ஒரு பார்வை பார்ப்பாள். போன் தானாகப் பைக்குள் போய்விடும். அவளைவிட வயதில் மூத்த குடைக்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வாரம் ஒருமுறை நூலகத்தின் அடித்தளத்தில் அவர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்கள். எல்லோரும் தெருவில் படுத்து எழுந்தவர்கள். சிலர் இப்போதும் அப்படித்தான். வீடில்லாதவர்களுக்கு ஏன் நோய் தீருவதில்லை என்று ஆராய்ச்சி செய்வது வேலை. ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வந்தால் அது நம் தப்பு. இங்கே ஆராய்ச்சி என்பது பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது. மாத்திரையை எங்கே வைக்கிறாய்? ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்களே, யார் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தாய்? காயம் நனையக் கூடாது என்று சொல்லி அனுப்பினாரே டாக்டர், மழை வந்தபோது எங்கே போனாய்? பல்கலைக்கழகத்திலிருந்து வரும் அம்மாளை எல்லோரும் டீச்சர் என்பார்கள். எதைக் கேட்பது என்று முடிவு செய்வதும், போய்க் கேட்பதும், கேட்டதைப் பிரித்துப் பார்ப்பதும் இவர்கள். அதை அதிகாரிகள் காதில் ஏறும் பாஷையில் எழுதுவது மட்டும் டீச்சர். போன வருஷம் எழுதிய அறிக்கையின் புண்ணியத்தில்தான் ஒரு நர்ஸம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து கட்டுப்போடுகிறார்.

அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்ட கதையைக் கேட்டபடி யாரும் சொல்லக் கூடாது. மாற்றித்தான் சொல்ல வேண்டும். ஆணைப் பெண்ணாக்க வேண்டும், காலைக் கையாக்க வேண்டும், பாலத்தடியைப் பேருந்து நிலையமாக்க வேண்டும். நோயையும் அது முற்றிய வழியையும் மட்டும் தொடக் கூடாது. சொன்னவர் யார், எங்கே இருக்கிறார் என்று பெற்ற தாயே வந்து கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது.

இதைக் கொண்டுவந்தவள் சட்டக்கா. காரணம் இல்லாமல் இல்லை. முன்பொரு தடவை வேறு யாரோ, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து யார் யார் எங்கே படுக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நல்ல பிள்ளைகள், நல்லதுக்குத்தான் கேட்டார்கள். ஆனால் அது யார் கைக்குப் போனதோ, கொஞ்ச நாளில் சொல்லி வைத்தாற்போல் அந்தந்த இடத்துக்கே தண்ணீர் லாரியும் ஆட்களும் வந்து படுக்கையோடு வாரிக் கொட்டினார்கள். அதிலிருந்து யாரும் யாரிடமும் வாய் திறப்பதில்லை. மறுபடி திறக்க வைத்தது இந்த வழக்கம்தான். டீச்சர் முதலில் தயங்கினார். சட்டக்கா பிடித்த பிடியை விடவில்லை. "இது இல்லைன்னா நான் இல்ல டீச்சர்" என்று எழுந்தே விட்டாள்.

அவளுக்கு இப்போது வீடில்லாதவர்களுக்கென்று கட்டிய கட்டடத்தில் ஒரு அறை இருக்கிறது. சலவைக் கூடத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலையும் இருக்கிறது. எத்தனையோ பேர் வரிசையில் நிற்க அவளுக்கு வாய்த்த அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு. அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் படுத்த முதல் நாள் அவள் அழுதாள். ஒருவருக்கு மட்டும் என்பது அந்தக் கட்டடத்தின் நிபந்தனை. அவள் போனதும் செய்த முதல் காரியம், தம்பியைக் கூட்டிவந்து உள்ளே வைத்துக்கொண்டது. வட்டத்தில் அத்தனை சட்டம் பேசுகிறவள் வீட்டில் இப்படித்தான். உடன்பிறப்பு என்று வந்தால் சட்டமாவது ஒன்றாவது.

தம்பிக்குச் சர்க்கரை. இடது காலில் ஆறாத புண். அந்தக் காலுக்கு அவன் மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தான். "ஒரு வேலை செய்யறதில்ல, உக்காந்த இடத்துல பணிவிடை கேக்குது, கொஞ்சம் குறைஞ்சா கோவம் வந்துடுது. மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்பான். கட்டு மாற்றும்போதெல்லாம், "மெதுவாக்கா, மாப்பிள்ளைக்குக் கோவம்" என்பான். சிரித்துக்கொண்டே அழுவாள்.

கட்டட மேலாளர் ஒருநாள் கதவைத் தட்டினார். கட்டிலுக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கட்டுப்போட்ட கால் அவர் கண்ணில் பட்டது. மோசமான ஆள் இல்லை. இன்னொரு தடவை பார்த்தால் அறையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் போனதும் சட்டக்கா பையை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். "நீ இல்லாத ரூம் எனக்கெதுக்குடா? வா, பழைய இடத்துக்கே போவோம்." அவன் கெஞ்சி அவளை உட்கார வைத்தான். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது போர்வை மடித்திருந்தது, தம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது, தம்பி இல்லை.

அன்றிலிருந்து தேடுகிறாள். வேலை இல்லாத நேரமெல்லாம் பாலத்தடி, ரயிலடி, சந்தைப் பின்புறம். போர்வைக்குள் இருக்கும் முகங்களைக் குனிந்து பார்த்து எத்தனை பேரிடம் திட்டு வாங்கினாளோ. சர்க்கரைப் புண் வைத்தியமில்லாமல் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் விரல் கறுக்கும். பிறகு என்ன என்பதையும், தெருவில் பக்கத்தில் படுத்திருந்த ஒரு தையல்காரரிடம் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு வட்டத்தில் குடைக்காரர் முறை வந்தது. நடைபாதையில் உட்கார்ந்து குடை ரிப்பேர் பார்ப்பவர். கதை சொல்ல ஆரம்பித்தால் கூட்டம் கூடிவிடும்.

"ஒரு அம்மா. பஸ் ஸ்டாண்டுல இருக்காங்க. கையில புண்ணு, சர்க்கரை. ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். விலாசம் கேட்டாங்களாம், இல்லைன்னதும் கட்டைப் போட்டு, தினமும் வந்து மாத்திக்கோ, நனைக்காதேன்னு அனுப்பிட்டாங்களாம். வந்து படுத்தா அன்னிக்கு ராத்திரியே மழை. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. வெக்கம்னு சொல்றாங்க. நாத்தம் வருதுல்ல, வரிசையில நிக்கும்போது பக்கத்துல இருக்கறவங்க மூக்கைப் பொத்திக்கறாங்களாம். ஒரு அண்ணன் இருக்காரு. 'அண்ணனுக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டுட்டு வந்து எம்பக்கத்துல பாயைப் போட்டுடுவான், அதனால சாவற வரைக்கும் சொல்ல மாட்டேன்'னு சொல்றாங்க. ஆனா தமாஷான அம்மா. அந்தக் கைக்கு மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருக்காங்க. வேலை ஒண்ணும் செய்யாது, கோவம் மட்டும் வருமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார்.

சட்டக்காவுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆணைப் பெண்ணாக்கி, காலைக் கையாக்கி, அக்காவை அண்ணனாக்கி, ஒன்று விடாமல் ஒழுங்காக மாற்றிய மனுஷன், அந்த வேடிக்கையை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார். நல்ல கதைசொல்லிக்கு நல்ல வேடிக்கையை விட்டுவிட மனசு வருமா?

கூட்டம் கலைந்தபின் குடைக்காரர் டீ குடித்த கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, அந்த அம்மா எங்க இருக்காங்க?"

அவர் கை நின்றது. "என்னக்கா இது? நீங்களா கேக்கறீங்க?"

"நான்தான் கேக்கறேன். எங்க?"

"பஸ் ஸ்டாண்டுன்னு சொன்னேனே."

"மாத்தினது எனக்கு வேணாம். அந்த மாப்பிள்ளை பேச்சு நீங்களா சேத்ததா, அவங்க சொன்னதா?"

"நல்லா இருந்துச்சேன்னு வச்சுக்கிட்டேன்..." என்று சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே கரைந்தது. கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். அவள் தம்பியைத் தேடுவது வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இத்தனை நாளும் அவருக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"அக்கா, கேக்காதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"நான் விழறேன்ணே, நான் விழறேன்." சொல்லிக்கொண்டே குனிந்துவிட்டாள். அவர் பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினார். இரண்டு பேர் கண்ணிலும் நீர்.

பிறகு சட்டக்காவே வழி கண்டுபிடித்தாள். வழக்கத்தையும் உடைக்காமல், மனசும் வெடிக்காமல் பேச ஒரு வழி.

"அந்த அம்மா உயிரோடதான் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்க... கை எப்படி இருக்கு?"

"ரெண்டு விரல் கறுத்துப் போச்சு." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆனா நர்ஸம்மா தினமும் போறாங்க. பேசிப் பேசி ஒரு வழியா ஒத்துக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. நர்ஸம்மா சண்டை போட்டுப் படுக்கை வாங்கி வச்சிருக்காங்க. விரலோட போயிடும், உயிரு தப்பிச்சுடும்னு சொல்றாங்க."

"சாப்பிடறாங்களா?"

"சாப்பிடறாங்க. எங்கிட்ட ஒரே ஒரு வாக்குதான்கா வாங்கிக்கிட்டாங்க. அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு."

"அந்த அண்ணன் பாவி அப்படி என்ன செஞ்சுட்டான்?"

"ஒண்ணும் செய்யல. பாசம் ஜாஸ்தி. அதான் பயம்." குடைக்காரர் ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க. உள்ள சேத்ததும் நானே அவர்கிட்ட... அவங்ககிட்ட கேக்கறேன், சொல்லட்டுமான்னு. சரின்னா முதல் ஆளா உங்ககிட்டதான் ஓடி வருவேன்."

சரியான பேச்சு. சட்டக்காவின் இடத்தில் வேறு யாராவது இருந்தால் அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள், இன்னும் கறாராக. "சரிண்ணே" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

ஆனால் மனசு சொன்னபடி வயிறு கேட்குமா? அறைக்குப் போனால் கட்டில் முள்ளாய்க் குத்தியது. சலவைக் கூடத்தில் விரிப்பை மடித்தால் வெள்ளையெல்லாம் கட்டுத் துணியாகத் தெரிந்தது. விரல் கறுத்துப் போச்சு, விரல் கறுத்துப் போச்சு என்று அது ஒன்றே காதில் ஓடியது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தத் தையல்காரரும் நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்? தூரத்தில் நின்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம். அவன் கண்ணில் படவே வேண்டாம். மனுஷன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

வியாழக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டாள். மத்தியானம் நர்ஸம்மாவும் குடைக்காரரும் நூலக வாசலிலிருந்து கிளம்புவது அவளுக்குத் தெரியும். எதிர்ச் சாரியில், கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் போனாள். கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வேறு. பார்த்துவிட்டுத் திரும்புகிறவளுக்குப் பொட்டலம் எதற்கு என்று நாம் கேட்கலாம்; அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை. பின்பக்கம் சரக்கு ஏற்றும் மேடை, மேலே தகரக் கூரை. அங்கே சிலர் அட்டை விரித்து இடம் பிடித்திருந்தார்கள். ஒரு கிழவர் நாய்க்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில், பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் தம்பி.

அவள் மதில் ஓரத்தில் நின்றுவிட்டாள். தம்பிதானா அது? தாடி முளைத்து, கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவள் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டைதான், ஆனால் இன்னொருத்தன் சட்டையைப் போட்டுக்கொண்டவன் போல உள்ளே தொலைந்திருந்தான். நர்ஸம்மா தரையில் மண்டியிட்டு, ஒட்டிப்போன கட்டின்மேல் மருந்துத் தண்ணீர் ஊற்றி மெல்லப் பிரித்தார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"மெதுவா சிஸ்டர், மாப்பிள்ளைக்குக் கோவம்."

அவ்வளவுதான். தூரமாவது, ஒரே ஒரு தடவையாவது. "டேய்" என்று அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. கால்கள் ஓடிவிட்டன.

தம்பி நிமிர்ந்தான். ஒரு கணம் அவன் முகம் சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் அவளைப் பார்த்ததும் மலருமே, அப்படி மலர்ந்தது. அந்த ஒரு கணத்தை அவளால் சாகும்வரை மறக்க முடியாது. அடுத்த கணமே அவன் கண் குடைக்காரர் பக்கம் திரும்பியது. குடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவரு சொல்லலடா. நானாத்தான் வந்தேன். அவர்மேல சத்தியமா சொல்லல."

"சரிக்கா. பாத்துட்டல்ல? ரூமுக்குப் போ."

"எப்படிடா போவேன்? என்ன கோலம்டா இது?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்கா. எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு. நீ போ, வேலைக்கு நேரமாகும்."

போயிருக்கலாம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போயிருக்கலாம். சட்டக்கா மேடையில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"நான் எங்கேயும் போகல. ஆஸ்பத்திரிக்கும் கூட வரேன், அதுக்கப்புறம் நீ எங்கயோ அங்கதான் நானும். அந்த ரூமை எவனுக்கு வேணா குடுக்கட்டும்."

தம்பி அவளையே பார்த்தான். அவன் என்ன நினைத்தான் என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. பிறகு சிரித்தான். பழைய சிரிப்பு.

"பிடிவாதக்காரி. சரி, உக்காரு. சாப்பாடு கொண்டாந்திருக்கியா? இரு, பையில தட்டு இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"நான் எடுத்துட்டு வரேன்டா."

"வேணாம், அந்தப் பக்கம் ஒரே சேறு. மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் காத்து வாங்கின மாதிரி இருக்கும்." நர்ஸம்மா தடுப்பதற்குள், பிரித்த கட்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிக் கட்டடத்தைச் சுற்றிப் போனான்.

அவள் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். ஈ வராமல் கையால் விசிறினாள். நர்ஸம்மாதான் முதலில் எழுந்தார். "இவ்வளவு நேரமா தட்டு எடுக்க?" என்றபடி அந்தப் பக்கம் ஓடினார்.

பின்பக்கக் கம்பி வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை இருந்தது. அதில் கட்டுத் துணி மாட்டிக்கொண்டு தொங்கியது. வேலிக்கு அப்பால் நான்கு பக்கமும் தெரு. பையும் இல்லை, தட்டும் இல்லை. குடைக்காரர் ஒரு பக்கமும் நர்ஸம்மா ஒரு பக்கமும் ஓடினார்கள். சட்டக்கா செருப்பில்லாமல் தெருத்தெருவாகப் பேர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினாள். கத்தக் கத்த அவன் இன்னும் தூரமாகப் போவான் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நர்ஸம்மா ஆஸ்பத்திரி வாசலில் காலையிலிருந்து காத்து நின்றார். சாயங்காலம் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐஸ் தொழிற்சாலை மேடையிலும் ஒரு ஆள் இல்லை. இடம் வெளியே தெரிந்துவிட்டது என்று நாயோடு சேர்ந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் காசநோய் மாத்திரை பாதியில் நின்றது. நர்ஸம்மா பையோடு போனால் மற்ற இடங்களிலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களாம். நர்ஸம்மாவின் பின்னால் ஆள் வரும் என்று பேச்சுப் பரவிவிட்டது.

அடுத்த வாரக் கூட்டத்துக்குச் சட்டக்கா வந்தாள். வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டியிருந்தால் தேவலை. குடைக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி முடித்து அவள் முறை வந்தது. வேண்டாம் என்று டீச்சர் கையால் சைகை காட்டினார். அவள் தலையை ஆட்டினாள்.

"ஒரு அப்பா," என்று ஆரம்பித்தாள். "அவருக்கு ஒரு மக. மகளுக்குக் கண்ணுல நோய். ஒரு கோயில் வாசல்ல இருந்தா. நல்லாயிட்டு வந்தா. அப்பாவுக்குத் தெரியாம இருந்தவரைக்கும் நல்லாயிட்டு வந்தா."

அதற்குமேல் மாற்ற அவளால் முடியவில்லை. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் நீட்டினார். வாங்கி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் போட்டதை நானே உடைச்சேன். என்னை வெளியில அனுப்பிடுங்க, நியாயம்தான். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். நீங்க நாலு இடம் போறவங்க. கால்ல மாப்பிள்ளை வச்சிருக்கற ஒருத்தனை எங்கயாவது பாத்தீங்கன்னா எங்கிட்ட சொல்லாதீங்க. நான் அழுவேன், கெஞ்சுவேன், உங்க கால்ல விழுவேன். அப்பவும் சொல்லாதீங்க. நர்ஸம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க."

குடைக்காரர் தலையைத் தூக்கினார்.

"அவன்கிட்டயும் ஒண்ணு சொல்லிடுங்கண்ணே. இதை மட்டும் மாத்தாம சொல்லுங்க. அக்கா ரூம்லதான் இருக்கா, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு இருக்கா, உன்னைத் தேடி வரமாட்டாள்னு."